ஜப்பான் எஸ்எஸ்டபிள்யூ விசா: பணம் கட்டுவதற்கு முன்

சீனாவின் வளர்ச்சி இந்தியாவையும் ஜப்பானையும் நெருங்க வைத்திருக்கிறது. ராணுவப் பயிற்சி, குவாட் கூட்டணி எல்லாம் தலைவர்கள் பாடு. நம் வீட்டுப் பிள்ளைகளைத் தொடுவது வேலை. 2021 ஜனவரியில், திறன்பெற்ற தொழிலாளர்களை ஜப்பானுக்கு வேலைக்கு அனுப்பும் எஸ்எஸ்டபிள்யூ (Specified Skilled Worker) ஒப்பந்தம் கையெழுத்தானது. ஐந்தாண்டுகளில் 50,000 திறன்பெற்ற இந்தியர்கள் ஜப்பான் போகலாம் என்று 2025 ஆகஸ்டில் அறிவித்தார்கள்.

அது இலக்குதான், ஒதுக்கீடு இல்லை. "கவர்ன்மெண்ட் கோட்டா, முன்பணம் கட்டினால் சீட் உறுதி" என்பவரிடம் உட்காரவே வேண்டாம். நகையை அடகு வைத்து ஏமாந்த குடும்பங்களைப் பார்த்த ஆற்றாமையில்தான் இதை எழுதுகிறேன்.

முதல்முறை போகிறவருக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும். அந்தத் தொழிலுக்கான திறன் தேர்விலும், ஜேஎஃப்டி பேசிக் அல்லது ஜேஎல்பிடி என்4 என்ற ஜப்பானிய மொழித் தேர்விலும் தேற வேண்டும். முதியோர் பராமரிப்பு வேலை என்றால் கூடுதலாக இன்னொரு மொழித் தேர்வு உண்டு. பட்டம் தேவையில்லை. தேர்வில்லாமல் அனுப்புகிறேன் என்று முகவர் சொன்னால், பெரும்பாலும் மாணவர் விசாவைத்தான் தலையில் கட்டுவார்கள். அதில் அனுமதி வாங்கினாலும் படிப்புக் காலத்தில் வாரத்துக்கு 28 மணி நேரம்தான் வேலை செய்யலாம். கல்லூரிக் கட்டணமும் கட்டி, கடனையும் அடைக்க அது போதாது. எனவே விசாவின் பெயரை எழுத்தில் கேளுங்கள்.

பதிவு பெற்ற முகவர் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் சேவைக் கட்டணமாக வாங்கலாம். மீதியை "டாக்குமெண்ட் செலவு", "டிரெய்னிங்" என்று வேறு பெயரில் கறப்பார்கள். ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூடத் தராதீர்கள். முகவரின் பதிவு இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று மத்திய வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் நீங்களே பாருங்கள். சுவரில் மாட்டிய சான்றிதழை நம்ப வேண்டாம். பாதியில் திரும்பினால் அபராதம் என்ற பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். டெபாசிட்டும் அபராத ஒப்பந்தமும் ஜப்பான் விதிப்படியே கூடாது.

எஸ்எஸ்டபிள்யூவில் முதலில் கிடைக்கும் முதல் நிலை விசாவில் மொத்தம் ஐந்தாண்டுகள்தான், மனைவி பிள்ளைகளை அழைத்துப்போக முடியாது. இதை முன்கூட்டிச் சொல்லும் முகவர் அபூர்வம்.

ஏமாந்துவிட்டால் அலைச்சல் தொடங்கும். காவல் நிலையத்தில் "இது குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலக விஷயம்" என்பார்கள். அங்கே போனால் "போலீஸில் கொடுங்க" என்பார்கள். இரண்டு இடத்திலும் ஒரே நாளில் எழுத்தில் கொடுங்கள். காவல் நிலையத்தில், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்காமல் எழுந்திருக்காதீர்கள். பதிவில்லாமல் வெளிநாட்டுக்கு ஆள் எடுப்பது 1983 குடிபெயர்வுச் சட்டப்படி குற்றம் என்பதை மனுவிலேயே எழுதுங்கள். பணம் அனுப்பிய வங்கி விவரம், வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் அச்செடுத்து இணையுங்கள். அசலை யாரிடமும் விடாதீர்கள்.