உடைந்த சிஎஃப்எல் பல்பும் 4.9 வோல்ட்டும்

கொசு பேட் பட்டு சிஎஃப்எல் பல்பு உடைந்துவிட்டதாம். "உள்ளே பாதரசம் உண்டாமே, கைக்குழந்தை இருக்கிற வீடு, அந்த அறையைப் பூட்டிவிடலாமா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். பூட்ட வேண்டாம், திறந்து வையுங்கள்.

ஒரு பல்பில் இருப்பது சுமார் 5 மில்லிகிராம் பாதரசம். பழைய காய்ச்சல் தெர்மாமீட்டரில் அதைப்போல நூறு மடங்கு இருந்தது. மூச்சில் போகும் ஆவிதான் கெடுதல். குழந்தையை வெளியே அனுப்பிவிட்டு, ஏசியை நிறுத்தி, ஜன்னலைத் திறந்து, பத்து நிமிடம் நீங்களும் வெளியே இருங்கள். அப்புறம் சில்லுகளை அட்டையால் அள்ளி, பொடியை ஒட்டும் டேப்பால் ஒற்றியெடுத்து, மூடியுள்ள பாட்டிலில் போடுங்கள். விளக்குமாறும் வேக்குவம் கிளீனரும் பொடியைக் கிளப்பிவிடும். சில்லு விழுந்த துணி வாஷிங் மெஷினுக்குப் போகக் கூடாது.

சரி, இந்த விஷத்தை ஏன் பல்புக்குள் அடைக்கிறார்கள்? எனக்கு இயற்பியலிலேயே பிடித்த பரிசோதனை ஒன்று இதற்குப் பதில் சொல்கிறது. 1914-இல் ஜேம்ஸ் ஃபிராங்க், குஸ்டாவ் ஹெர்ட்ஸ் இருவரும் பாதரச ஆவிக்குள் எலக்ட்ரான்களை ஓடவிட்டு, வோல்டேஜைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். எலக்ட்ரான்கள் அணுக்களில் முட்டித் தெறித்தன, ஆனால் ஆற்றலை இழக்கவில்லை. 4.9 வோல்ட்டைத் தொட்டதும் எலக்ட்ரான்கள் ஆற்றலை அணுக்களிடம் பறிகொடுக்க, மின்னோட்டம் பொத்தென்று சரிந்தது. பாதரச அணு சில்லறை வாங்காத கடைக்காரர்: 4.9-ஐ முழுசாகக் கொடுத்தால்தான் வாங்கும். வாங்கியதை அப்படியே 254 நானோமீட்டர் புற ஊதாக் கதிராகத் திருப்பிக் கொடுத்துவிடும். அணுவின் ஆற்றல் சரிவில் வழுக்குவதுபோல் அல்ல, படிக்கட்டில் தாவுவதுபோலத்தான் மாறும் என்பதற்கு நேரடிச் சாட்சி அது. 1925-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசும் வாங்கித் தந்தது.

பல்புக்குள் நடப்பதும் இதேதான். கண்ணுக்குத் தெரியாத அந்தக் கதிரை, கண்ணாடியின் உள்பக்கம் பூசிய பாஸ்பர் பொடி வெள்ளை வெளிச்சமாக மாற்றுகிறது. பூச்சை எடுத்துவிட்டு, சாதாரணக் கண்ணாடிக்குப் பதில் குவார்ட்ஸ் போட்டால், வாட்டர் ப்யூரிஃபையரில் கிருமியைக் கொல்லும் யுவி விளக்கு தயார்!

அந்தக் கதிர் வெளியே வருமா? 254-ஐச் சாதாரணக் கண்ணாடியே தடுத்துவிடும். வளைந்த குழாயின் பூச்சில் விரிசல் விழுந்தால், நீண்ட அலைநீளப் புற ஊதா கொஞ்சம் கசியும். அதனால்தான் 2008-இல் பிரிட்டனின் சுகாதாரப் பாதுகாப்பு நிறுவனம், குழாய் வெளியே தெரியும் வகை பல்பை 30 சென்டிமீட்டருக்குள் வைத்து நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டாம் என்றது. டேபிள் லேம்ப்புக்குத்தான் இது பொருந்தும். கூரையில் எரிவதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

என் எரிச்சல் வேறு. ஒரு பல்பு உடைந்தால் வாட்ஸ்அப்பில் பீதி பரப்புகிறோம்; பியூஸ் போன பல்புகள் மொத்தமாகக் குப்பை வண்டியில் நொறுங்குவதைக் கண்டுகொள்வதில்லை. கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசம் படிந்த உடைசல் கண்ணாடி பழைய சாமான் கடையில் கிடந்தது தெரியவந்து, 2001-இல் ஆலையே மூடப்பட்ட ஊர் நம்முடையது. மின்கழிவு விதிகளில் சிஎஃப்எல்லும் உண்டு. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தமான மினமாட்டா உடன்படிக்கையில், ஹோல்டரில் நேரடியாக மாட்டும் 30 வாட் வரையிலான சிஎஃப்எல் தயாரிப்புக்கு 2025-ஐக் கெடுவாக வைத்தார்கள். ஏற்கெனவே வீடுகளில் இருப்பதைத் தெருவுக்குத் தெரு சேகரிக்க யார் காசு ஒதுக்குவது?