கவுன்சில் டாக்ஸ் கட்டினாலும் குப்பைக்குத் தனிக் காசு: இங்கிலாந்தில் விடுமுறை வீடு வாடகைக்கு விடுபவர்கள் மாட்டிக்கொள்ளும் இடங்கள்

போன கோடையில் ஒரு சனிக்கிழமை, எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினார். கடற்கரை ஊர் ஒன்றில் அவர்கள் வாங்கிப் போட்டிருக்கும் சின்ன வீட்டின் வாசல். மூடி மூட முடியாத அளவுக்கு நிரம்பிய குப்பைத் தொட்டி, அதன் மேல் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர். பக்கத்தில் இருந்த கறுப்புப் பைகளைக் கடற்காகங்கள் கிழித்து, கோழி எலும்பைத் தெருவரைக்கும் இழுத்துப் போட்டிருந்தன. ஸ்டிக்கரில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: இது வணிகக் கழிவு, எடுக்க மாட்டோம். பின்னேரம் நான்கு மணிக்கு அடுத்த விருந்தாளிகள் வந்து இறங்க வேண்டும்.

"தம்பி, மாதா மாதம் கவுன்சில் டாக்ஸ் போய்க்கொண்டுதானே இருக்கு. பிறகு ஏன் குப்பை எடுக்க மாட்டாங்களாம்?"

திங்கட்கிழமை அவர் உள்ளூராட்சிக்கு, அதாவது கவுன்சிலுக்கு, போன் செய்தார். கவுன்சில் டாக்ஸ் என்பது வீடுகளுக்குக் கட்டும் வரி, பிசினஸ் ரேட்ஸ் என்பது தொழில் நடக்கும் இடங்களுக்குக் கட்டும் வரி. குப்பைப் பிரிவு, "உங்கள் வீடு எந்த வரியில் இருக்கிறது என்று கவுன்சில் டாக்ஸ் பிரிவில் கேளுங்கள்" என்றது. கவுன்சில் டாக்ஸ் பிரிவு, "வாடகைக்கு விடுகிறீர்களா, அப்படியானால் பிசினஸ் ரேட்ஸ் பிரிவு" என்றது. பிசினஸ் ரேட்ஸ் பிரிவு, "மதிப்பீடு செய்வது வி.ஓ.ஏ., நாங்கள் இல்லை" என்றது. வி.ஓ.ஏ. என்றால் வரிக்காகக் கட்டடங்களுக்கு மதிப்புப் போடும் அரசு அலுவலகம். அங்கே முக்கால் மணி நேரம் காத்திருந்தபின் கிடைத்த பதில், "குப்பைக்கும் எங்களுக்கும் சம்பந்தம் இல்லை." நான்கு பேர் சொன்னதும் பொய் இல்லை. ஆனால் நான்கு பேரில் ஒருவர்கூட அக்காவுக்குத் தேவையான அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லவில்லை.

அந்த வாக்கியம் இதுதான்: குப்பைக்குக் காசு உண்டா இல்லையா என்பதை, நீங்கள் எந்த வரி கட்டுகிறீர்கள் என்பது தீர்மானிப்பதில்லை. வீட்டை என்ன செய்கிறீர்கள் என்பதுதான் தீர்மானிக்கிறது. 2012இல் வந்த கழிவு விதிகளின்படி, விருந்தாளிகள் தாங்களே சமைத்துத் தங்கும் வீட்டைத் தொழிலாக விட்டால், அங்கிருந்து வரும் குப்பை வணிகக் கழிவு. எடுப்பதற்கும் அழிப்பதற்கும் கவுன்சில் கட்டணம் கேட்கலாம். அந்த வீட்டுக்கு நீங்கள் கவுன்சில் டாக்ஸ் கட்டினாலும் சரி, பிசினஸ் ரேட்ஸ் கட்டினாலும் சரி, இரண்டிலும் ஒரு பென்ஸும் கட்டாவிட்டாலும் சரி. பின்னணி இவ்வளவு போதும்.

இதே வீட்டை நிரந்தரமாகக் குடியிருக்கக் குடித்தன ஒப்பந்தத்தில் ஒரு குடும்பத்துக்கு விட்டிருந்தால் அது வீட்டுக் கழிவு. தனிக் கட்டணம் கிடையாது. முன்பு விடுமுறை வீடாக இருந்து, இப்போது நிரந்தரக் குடித்தனத்துக்கு மாற்றியவர்கள் இதைக் கவனியுங்கள். கவுன்சில் பதிவேட்டில் பழைய பெயரே ஒட்டிக்கொண்டிருக்கும். ஒப்பந்தப் பிரதியை இணைத்து மின்னஞ்சல் அனுப்பி மாற்றச் சொல்லுங்கள். போனில் சொன்னதற்கு எந்தச் சாட்சியும் இல்லை.

இனி நியாயத்துக்கு வருவோம். குப்பைக்குக் காசு வாங்குவதே அநியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். வாரம் ஒரு குடும்பம் வந்து போகும் வீட்டில், கிளம்பும் அன்று பாதி ரொட்டி, பாதிப் பால், திறக்காத சலாட் பை என்று எல்லாமே தொட்டிக்குத்தான் போகிறது. பக்கத்து வீட்டுக்காரர் அதற்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. எரிச்சல் வருவது வேறு இடத்தில்.

இரண்டு வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே தெரு, ஒரே அளவு, இரண்டிலும் விருந்தாளிகள். முதல் வீடு பிசினஸ் ரேட்ஸுக்கு மாறிவிட்டது. ரேட்டபிள் வேல்யூ, அதாவது வி.ஓ.ஏ. போடும் வருட வாடகை மதிப்பு, 12,000 பவுண்டோ அதற்குக் கீழோ இருந்து, உரிமையாளருக்கு வேறு கடை கிடை இல்லை என்றால், சிறுதொழில் தள்ளுபடியில் அவர் கட்டும் வரி பூஜ்யம். குப்பைக்கு மட்டும் காசு. இரண்டாவது வீடு இப்போதுதான் வாங்கியது. மாற முடியாது, ஏனென்றால் முந்தைய 12 மாதங்களில் விட்டுக் காட்டிய கணக்கு வேண்டும். அதனால் கவுன்சில் டாக்ஸ். யாரும் நிரந்தரமாகக் குடியிராத, தளபாடம் போட்ட வீடு என்பதால், 2025 ஏப்ரல் முதல் பல கவுன்சில்கள் அதற்கு இரட்டிப்பு வரி போடுகின்றன. வருட வரி 2,000 பவுண்ட் என்று வையுங்கள், பில் 4,000. அதற்கு மேல் குப்பைக்கும் தனி ஒப்பந்தம். வசதியாகக் காலூன்றியவருக்குப் பூஜ்யம், புதிதாகத் தொடங்குபவருக்கு இரட்டிப்பும் குப்பைக் காசும். கேட்டால் "கவுன்சில் டாக்ஸ் என்பது பொது வரி, குப்பைக்கான கட்டணம் அல்ல" என்று பதில் வரும். சட்டப்படி சரிதான். அதைச் சொல்லும் கவுன்சில் தன்னுடைய கவுன்சில் டாக்ஸ் துண்டுப் பிரசுரத்தில் முதல் படமாகக் குப்பை லாரியைப் போடாமல் இருந்திருக்கலாம்.

பிசினஸ் ரேட்ஸுக்கு மாறுவது பற்றி நம்மவர்களிடையே அரைகுறைத் தகவல் நிறையச் சுற்றுகிறது. 2023 ஏப்ரல் 1 முதல் இங்கிலாந்தில் கணக்கு இதுதான். முந்தைய 12 மாதங்களில் 140 இரவாவது வீடு வாடகைக்குத் திறந்திருக்க வேண்டும். அதில் 70 இரவாவது உண்மையிலேயே காசுக்கு விட்டிருக்க வேண்டும். வரும் வருடமும் 140 இரவு திறந்திருக்கும் என்ற எண்ணமும் வேண்டும். முன்பு "விடப்போகிறேன்" என்று சொன்னாலே போதுமாக இருந்தது. இப்போது விட்டதைக் காட்ட வேண்டும். வேல்ஸில் 252 இரவு திறந்திருக்க வேண்டும், 182 இரவு விட்டிருக்க வேண்டும். அங்கே வீடு வைத்திருப்பவர்கள் லண்டன் நண்பர் சொன்ன கணக்கை நம்பி உட்கார வேண்டாம். வருமான வரியில் விடுமுறை வீடுகளுக்கு இருந்த சலுகையின் 105 நாள் கணக்கும் இதுவும் வேறு வேறு. அந்தச் சலுகையே 2025 ஏப்ரலோடு போய்விட்டது.

எழுபதில் ஆட்கள் தவறுவது எங்கே? சித்தப்பா குடும்பம் இலவசமாகத் தங்கிய இரவுகள் சேராது. நீங்களே போய்த் தங்கியதும் சேராது. பதிவு செய்து ரத்தானதும் சேராது. புக்கிங் அறிக்கை, வங்கிக் கணக்கில் பணம் வந்த வரி, விளம்பரப் பக்கத்தின் படம் மூன்றையும் மாதா மாதம் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். எத்தனை இரவு விட்டீர்கள் என்று கேட்டு வி.ஓ.ஏ. படிவம் அனுப்பும்போது பதினெட்டு மாதம் பின்னோக்கித் தேடுவது வேதனை.

அந்தப் படிவம்தான் பெரிய பொறி. பலபேருக்கு அது விடுமுறை வீட்டின் முகவரிக்கே போகிறது. விருந்தாளி எடுத்து மேசை இழுப்பறையில் வைப்பார், இல்லையென்றால் பீட்சா விளம்பரங்களோடு தொட்டியில் போடுவார். பதில் வரவில்லை என்றால் வீடு மீண்டும் கவுன்சில் டாக்ஸுக்குத் தள்ளப்படும், அதுவும் பின்தேதியிட்டு. ஒரு குடும்பத்துக்கு இப்படி இரட்டிப்பு வரியோடு பழைய பாக்கி சேர்ந்து வந்த கடிதத்தை நான்தான் பிரித்துப் படித்தேன். அவர்கள் தொண்ணூறு இரவுக்கு மேல் விட்டிருந்தார்கள். படிவத்தைக் கண்ணால் பார்த்ததில்லை, அவ்வளவுதான் குற்றம். நீங்கள் நிரந்தரமாக இருக்கும் முகவரியை வி.ஓ.ஏ.யிடமும் கவுன்சிலிடமும் தனித்தனியாகக் கொடுங்கள். ஒருவரிடம் கொடுத்தால் மற்றவருக்குப் போய்ச் சேரும் என்று நம்பாதீர்கள்.

கடை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. உங்கள் கடைக்கு ஏற்கெனவே சிறுதொழில் தள்ளுபடி வாங்கிக்கொண்டிருக்கிறீர்களா? அதே பெயரில் விடுமுறை வீட்டையும் பிசினஸ் ரேட்ஸில் போட்டால், இரண்டாவது இடத்தின் ரேட்டபிள் வேல்யூ 2,899 பவுண்டைத் தாண்டினாலே தள்ளுபடி ஆட்டம் காணும். விடுமுறை வீடு எதுவும் அதற்குள் அடங்குவது கடினம். கடையின் தள்ளுபடி ஒரு சலுகைக் காலம் வரை தொடரும். அப்புறம் வீட்டுக்கும் இல்லை, கடைக்கும் இல்லை. குப்பைக் காசை மிச்சம் பிடிக்கப் போய்க் கடை வரியைத் தலையில் போட்டுக்கொள்ளாதீர்கள். மாற்றும் முன் கணக்காளரிடம் இந்தக் கேள்வியை நேராகக் கேளுங்கள். இன்னொன்று, தள்ளுபடி தானாக வராது. வேல்யூவைப் போடுவது வி.ஓ.ஏ., தள்ளுபடிக்கு விண்ணப்பிக்க வேண்டியது கவுன்சிலிடம். இந்த இரண்டுக்கும் நடுவில் காத்திருந்தே ஒரு வருடத்தை விட்டவர்கள் இருக்கிறார்கள்.

சரி, மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார்கள். என்ன செய்வது?

முதலில், செய்யக் கூடாதது. பைகளைக் காரில் ஏற்றி உங்கள் சொந்த வீட்டுத் தொட்டியில் போடாதீர்கள். கவுன்சில் குப்பைக் கிடங்குக்கு வீட்டுக் கழிவு என்று சொல்லிக் கொண்டுபோகாதீர்கள். இரண்டுமே விதிமீறல். சுத்தம் செய்ய வரும் பெண்ணிடம், "அக்கா, போகும்போது அப்படியே இந்தப் பையையும் கொண்டுபோங்க" என்று சொல்வது எல்லோரும் செய்வது, ஆனால் மாட்டினால் அவரும் சேர்ந்து மாட்டுவார். தன் தொழில் குப்பையை வழக்கமாக வண்டியில் கொண்டுபோகிறவரும் கழிவு எடுத்துச் செல்பவராகப் பதிய வேண்டும். சொந்தக் குப்பைக்கு மட்டும் என்றால் அந்தப் பதிவு இலவசம், இணையத்திலேயே செய்யலாம். பதிந்தாலும் வணிகக் கழிவு வாங்கும் இடத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

செய்ய வேண்டியது, ஒரு ஒப்பந்தம். கவுன்சிலிடமே எடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அப்படித் தொனிக்கும் கடிதம் வந்தாலும் பயப்பட வேண்டாம், பதிவு பெற்ற எந்த நிறுவனமும் போதும். பதிவு உண்டா என்பதை சுற்றுச்சூழல் முகமையின் பொதுப் பதிவேட்டில் நீங்களே பாருங்கள். வேனில் வந்து பாதி விலை சொல்பவர் குப்பையைக் காட்டோரம் கொட்டிவிட்டுப் போனால், பையில் இருக்கும் உங்கள் முகவரிக் காகிதத்தோடு உங்களைத்தான் தேடி வருவார்கள்.

மறுபக்கம், சில ஊர்களில் தனியார் யாரும் வர மாட்டார்கள், கவுன்சிலும் "நாங்கள் வணிகக் கழிவு எடுப்பதில்லை" என்று கையை விரிக்கும். அப்போது 1990ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் 45ஆம் பிரிவைக் குறிப்பிட்டு எழுதுங்கள். கேட்டால் ஏற்பாடு செய்து கொடுப்பது கவுன்சிலின் கடமை. நியாயமான கட்டணம் வாங்கலாம், மறுக்க முடியாது. கட்டணம் நியாயமாகத் தெரியவில்லை என்றால், அதை எப்படிக் கணக்கிட்டார்கள் என்று தகவல் உரிமையில் கேளுங்கள். காசு இல்லை, 20 வேலை நாளில் பதில் வர வேண்டும். கேள்வியை ஒரே வரியில் வையுங்கள். நீண்ட கடிதம் எழுதினால் அதிலுள்ள சுலபமான கேள்விக்கு மட்டும் பதில் வரும்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் குளிர்காலத்தை நினையுங்கள். வருடம் முழுக்க வாரம் ஒரு முறை என்று போட்டுவிட்டு, நவம்பர் முதல் மார்ச் வரை காலித் தொட்டியைத் தூக்கி வைப்பதற்குக் காசு கட்டுபவர்கள் ஏராளம். இடையில் நிறுத்தி வைக்கலாமா, தொட்டிக்குத் தனி வாடகை உண்டா, எடை கூடினால் என்ன, தானாகப் புதுப்பிக்குமா, எத்தனை மாத முன்னறிவிப்பு: இதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். சின்ன வீட்டுக்கு, முன்கூட்டியே காசு கட்டி வாங்கும் பைகள் இருக்கின்றனவா என்று கேளுங்கள். பல கவுன்சில்கள் விற்கின்றன, ஆனால் தாங்களாகச் சொல்வதில்லை. ஆள் வந்த வாரத்துக்கு மட்டும் செலவு.

ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் வேஸ்ட் ட்ரான்ஸ்ஃபர் நோட் என்று, குப்பையை யாரிடம் கொடுத்தீர்கள் என்பதற்குச் சாட்சியாக ஒரு தாள் தருவார்கள். இரண்டு வருடம் வைத்திருங்கள். அதிகாரி கேட்டுக் காட்ட முடியாவிட்டால் 300 பவுண்ட் அபராதம் வரலாம். "ஏஜென்ட் பார்த்துக்கொள்வார்" என்று இருந்தாலும் பிரதி ஒன்று உங்கள் கையில் இருக்கட்டும். ஏஜென்ட் மாறும்போது முதலில் தொலைவது இந்தத் தாள்தான்.

2027 மார்ச் 31க்குள் சின்னத் தொழில்களும் உணவுக் கழிவையும் மறுசுழற்சியையும் பிரித்துக் கொடுக்க வேண்டும். பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களுக்கு அது 2025லேயே வந்துவிட்டது. வேல்ஸில் 2024 ஏப்ரல் முதல் எல்லா அளவு தொழிலுக்கும் உண்டு. இப்போது போடும் ஒப்பந்தத்தில் உணவுத் தொட்டியின் விலையையும் கேட்டு வையுங்கள்.

அந்த அக்கா இப்போது பைகள்தான் வாங்குகிறார். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் எந்தப் பை எந்தத் தொட்டி என்று படத்தோடு ஒட்டியிருக்கிறார், கடற்காகங்களுக்குப் பயந்து மூடியில் ஒரு ரப்பர் கொக்கியும் மாட்டியிருக்கிறார். இரவுகளை ஒரு கொப்பியில் எண்ணுகிறார். நேற்றுப் பேசும்போது 66 ஆகியிருந்தது. "தங்கச்சி குடும்பம் ஸ்கூல் லீவுக்கு வந்து நாலு நாள் நிக்கட்டுமா எண்டு கேக்குது. எழுபது சரியாயிடும்தானே?" என்றார். வந்து நிற்கட்டும் அக்கா, ஆனால் தங்கச்சியிடம் நீங்கள் காசு வாங்கப் போவதில்லையே. இன்னும் நான்கு இரவு வேண்டும்.