ஒருசந்தி விடுதல்

ஏற்காட்டில் எங்கள் அம்மாயி (அம்மாவின் அம்மா) வீட்டில் உயிர்ப்பு ஞாயிறு, அதாவது ஈஸ்டர், காலையில் முதலில் கேட்கும் கேள்வி, “ஒருசந்தி விட்டாச்சா கண்ணு?”

சந்தி என்பது பொழுதோடு பொழுது கூடும் வேளை. ஒருசந்தி என்றால் நாளுக்கு ஒரே வேளைச் சாப்பாடு. சேலத்துப் பக்கம் புரட்டாசிச் சனிக்கிழமைக்கும் இதே சொல்தான். எங்களுக்கு அது ஈஸ்டருக்கு முந்தைய தவக்கால நோன்பு. சாம்பல் புதன் முதல் உயிர்ப்புக்கு முந்தைய நாள் வரை 46 நாள். ஞாயிறு ஆறையும் கழித்தால் 40. இதில் சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் மட்டுமே கத்தோலிக்கருக்குக் கட்டாய ஒருசந்தி. அம்மாயி நாற்பதும் இருப்பார்.

மற்ற சபைகளில் உபவாசம் என்பார்கள். வடமொழியில் அதற்கு ‘அருகே தங்குதல்’ என்று பொருள். பழந்தமிழ்ச் சொல் நோன்பு. ‘உற்றநோய் நோன்றல்’ என்கிறது குறள் (261). நோன்றல் என்றால் பொறுத்தல். நோன்பும் அதே வேரில் முளைத்ததுதான்.

சரி, முடிப்பதற்கு என்ன சொல்? இப்போது பலர் ‘நோன்பை முறித்தல்’ என்று எழுதுகிறார்கள். எனக்கு அது உறுத்துகிறது. தமிழில் முருங்கைக் கிளை முறியும், உறவு முறியும். பாதியில் கைவிட்ட நோன்புக்கு வேண்டுமானால் அந்தச் சொல் பொருந்தும். நாற்பது நாள் காத்ததை எதற்கு முறிக்க வேண்டும்?

ஏகாதசி இருப்பவர்கள் துவாதசியில் செய்வது பாரணை. வடமொழியில் ‘பார’ என்றால் அக்கரை. நோன்பின் அக்கரை சேர்வதுதான் பாரணை. உயிர்ப்புப் பெருவிழாவைக் குறிக்கும் பாஸ்கா என்பதும் ‘கடந்து போதல்’ என்ற பொருளில் எபிரேயத்திலிருந்து வந்த சொல். எங்கேயோ பிறந்த இரண்டு சொற்கள் ஒரே பொருளில் வந்து நிற்பதைப் பார்த்தபோது மெய்சிலிர்த்தது. எழுத்தில் ‘நோன்பு நிறைத்தல்’ என்று எழுதலாம். பேச்சுக்கு ‘ஒருசந்தி விடுதல்’ இருக்கவே இருக்கிறது. மழை விட்டது, பள்ளி விட்டது என்கிறோமே, அந்த ‘விடுதல்’தான் இது. காலம் நிறைந்து தானாக விடுவது.

காப்பித் தோட்டத்திலேயே குடியிருந்தும் தவக்காலம் முழுக்க அம்மாயி காப்பி தொடமாட்டார். செடியெல்லாம் வெள்ளையாகப் பூத்து வீட்டுக்குள் வரை மணக்கும், அப்போதும் வெந்நீர்தான். அந்த நாள்களில் காப்பிக்கு ஆகும் காசை மஞ்சள் துணியில் முடிந்து வைப்பார். பாஸ்கா இரவுப் பூசை முடிந்து, விடிந்ததும் முதல் டம்ளர் காப்பியை ஆற்றி, அந்த முடிச்சோடு பக்கத்து லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) தனியாக இருந்த பாட்டிக்குக் கொடுத்துவிட்டு வருவார். அப்புறம்தான் அடுப்படியில் உட்கார்ந்து தனக்கு ஊற்றிக்கொள்வார்.