சரளமான பேச்சு, தடுமாறும் 'முன்னால்–பின்னால்'

வில்லியம்ஸ் சிண்ட்ரோம் உள்ள ஒரு சிறுமியிடம் படங்களைக் காட்டி, "இதில் காண்டாமிருகம் எது?" என்றால் சட்டென்று தொட்டுக் காட்டிவிடக்கூடும். "டப்பாவுக்குப் பின்னால் இருக்கிற பந்தை எடும்மா" என்றாலோ, "எந்த டம்ளரில் தண்ணீர் குறைச்சல்?" என்றாலோ அவளே தடுமாறுவாள். காண்டாமிருகம் தெரிந்தவளுக்குக் 'குறைச்சல்' ஏன் கடினமாகிறது?

நம் 7-ஆவது குரோமோசோம் ஜோடியில் ஒன்றில், சுமார் 26 மரபணுக்கள் அடங்கிய சிறு துண்டு விடுபட்டுப்போவதால் வருவது இந்த நிலை. பெரும்பாலும் பரம்பரையாக வருவதல்ல, விந்தணுவோ கருமுட்டையோ உருவாகும்போது தற்செயலாக நேர்வது. 1961-இல் இதை விவரித்தவர் நியூசிலாந்தின் இதய மருத்துவர் வில்லியம்ஸ். விடுபடும் மரபணுக்களில், இரத்தக்குழாய்களுக்கு மீள்தன்மை தரும் எலாஸ்டின் என்ற புரதத்துக்கானதும் ஒன்று என்பதால், இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி குறுகுவதுண்டு.

அமெரிக்காவின் சால்க் ஆய்வு நிலையத்தில் அர்சுலா பெலூகி இவர்களை யானை வரையச் சொன்னார். காதும் காலும் தும்பிக்கையும் தாளில் ஆளுக்கொரு மூலையில் கிடந்தன. யானையைப் பற்றிச் சொல்லச் சொன்னபோது பேச்சு அருவியாகக் கொட்டியது. இவர்களின் பொதுவான அறிவுத்திறன் குறைவாக இருந்தாலும் மொழி பழுதுபடவில்லை என்ற எண்ணம் அப்படித்தான் பரவியது.

அந்த எண்ணத்தில் இருந்த ஓட்டை, சொற்களைத் தரம் பிரித்துச் சோதித்தபோதுதான் தெரிந்தது. லூயிவில் பல்கலைக்கழகத்தின் கேரலின் மெர்விஸும் ஏஞ்சலா ஜானும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், பொருட்பெயர்களில் இக்குழந்தைகளின் மதிப்பெண் நன்றாக இருந்தது. இடம், காலம், அளவு குறிக்கும் சொற்களில் வெகுவாகச் சரிந்தது. கட்டைகளை அடுக்கி ஒரு வடிவத்தை அமைக்கும் சோதனையில் எவ்வளவு சிரமப்பட்டார்களோ, கிட்டத்தட்ட அதே சிரமம் இங்கேயும்.

காரணம் யோசித்தால் புரியும். பொருட்பெயரைக் கற்க, காதில் விழும் ஒலியைக் கண்ணெதிரே உள்ள பொருளோடு இணைத்தால் போதும். கேட்டதைச் சற்று நேரம் மனதில் நிறுத்தும் திறன் இவர்களுக்கு ஒப்பீட்டளவில் நன்றாகவே இருக்கும். 'பின்னால்' என்பதற்கோ சுட்டிக்காட்ட ஒரு பொருளே இல்லை. டப்பாவுக்குப் பின்னால் இருக்கும் அதே பந்து, நாற்காலிக்கு முன்னாலும் இருக்கலாம். இரண்டு பொருட்களையும் ஒருசேர மனதில் வைத்து ஒப்பிட வேண்டும். இட உறவையும் எண்ணையும் கையாளுவதில் பெரும்பங்கு வகிப்பது தலையின் பின்மேல்பகுதியிலுள்ள பரைட்டல் மடல். வில்லியம்ஸ் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு அந்த மடலின் ஒரு மடிப்பில் சாம்பல்நிறப் பொருள் குறைந்திருப்பதை ஸ்கேன்கள் காட்டியுள்ளன.

அதற்காக, கண்ணுக்குத் தெரியாத கருத்துகள் எல்லாமே இவர்களுக்கு எட்டாதவை என்று முடிவுகட்டுவது பெரிய தவறு. கதை சொல்லும்போது பயம், சந்தோஷம், பாவம் போன்ற உணர்வுச் சொற்களை இவர்கள் தாராளமாகப் பயன்படுத்துவார்கள். இப்படிக் கண்ணுக்குத் தெரியாததைக் குறிக்கும் அருவச் சொற்களில், உணர்ச்சியின் சாயல் உள்ளவற்றையே பொதுவாகக் குழந்தைகள் முதலில் கற்கிறார்கள். 21-ஆவது குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பதால் வரும் டவுன் சிண்ட்ரோமில் கதையே வேறு: அங்கே பலவீனம், கேட்ட ஒலிவரிசையை நினைவில் நிறுத்துவதில். அதனால் புரிந்துகொள்ளும் சொற்களைவிடப் பேசும் சொற்கள் குறைவாக இருக்கும்.

வகுப்பறையில்தான் இது வலிக்கிறது. "நாலாவது வரிக்குக் கீழே, இடது பக்கமா எழுது" என்றதும் திகைத்து நிற்கும் குழந்தையிடம், "வாய் கிழியப் பேசுறே, இது தெரியாதா?" என்று கேட்பது அநியாயம். அந்த வரியை விரல் வைத்துக் காட்டலாம். குழந்தையையே நாற்காலிக்குப் பின்னால் போய் நிற்கச் சொல்லி, நிற்கும்போதே அந்தச் சொல்லைச் சொல்ல வைக்கலாம். படம் பார்த்துப் பெயர் சொல்லும் சோதனை ஒன்றை மட்டும் வைத்து 'மொழியில் குறையில்லை' என்று எழுதிக் கொடுத்தால், இந்த உதவி அவளுக்குக் கிடைக்காமலே போகும்.