குறியீட்டு மரமா, அடைவு மரமா?

தரவுத் தேடல் பற்றிய ஒரு மொழிபெயர்ப்பில் மறுபடியும் 'குறியீட்டு மரம்' கண்ணில் பட்டது. மூலத்தில் இருந்தது இண்டெக்ஸ் மரம்; தேடுவது சீக்கிரம் கிடைக்கத் தரவைக் கிளை கிளையாகப் பிரித்துவைக்கும் அமைப்பு. இனியும் பொறுப்பதற்கில்லை.

இண்டெக்ஸ் லத்தீன் சொல். ஆள்காட்டி விரல், காட்டித்தருவது என்று பொருள். நூலின் கடைசிப் பக்கங்களில் இடம்பிடித்து, பிறகு கணினிக்கு வந்தது.

குறியீடு என்பது ஒன்றுக்குப் பதிலாக நிற்பது. இண்டெக்ஸ் எதற்கும் பதிலாக நிற்பதில்லை, இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. நூற்றுக்கணக்கான பரிமாணங்கள் கொண்ட புள்ளிகளில் (ஒவ்வொரு புள்ளியும் ஒரு நீண்ட எண்வரிசை) 'இதைப் போன்றது எது' என்று தேடும்போது, எல்லாவற்றையும் ஒப்பிடாமல் தப்பிக்கத்தான் மரம் கட்டுகிறார்கள். உதாரணமாக, ஒரு புள்ளியை மையமாக வைத்து, அதிலிருந்து 7 அலகுக்குள் இருப்பவற்றை ஒரு கிளையிலும் அதற்கு அப்பால் இருப்பவற்றை மறு கிளையிலும் இடுகிறோம். தேடும் புள்ளி மையத்திலிருந்து 3 அலகில் இருக்கிறது. அதற்கு 1 அலகுக்குள் இருப்பவை வேண்டும். வெளிக்கிளையில் எதுவும் 4 அலகைவிட நெருக்கமாக இருக்க முடியாது. மையம், தேடும் புள்ளி, வெளிக்கிளைப் புள்ளி மூன்றும் அமைக்கும் முக்கோணத்தின் இரு பக்கங்கள் சேர்ந்தால் மூன்றாவதைவிடக் குறையாது அல்லவா? அந்தக் கிளையைத் தொடவே வேண்டாம். இதில் குறியீடு எங்கே வந்தது?

இதே துறையில் உண்மையான குறியீடும் இருப்பதுதான் கொடுமை. நீண்ட எண்வரிசையைச் சில பைட்டுகளாகச் சுருக்கி எழுதுகிறார்களே, அதுதான் குறியீடு. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் 'குறியீடுகளைக் குறியீட்டில் சேமிக்கலாம்' என்றுதான் எழுத வேண்டிவரும். படிப்பவர் என்ன செய்வார்? அகராதியில் முதலில் கிடைத்ததை எடுத்து ஒட்டுகிறவர்கள், தாங்கள் எழுதிய வாக்கியத்தை ஒருமுறை வாய்விட்டுப் படித்தாலே போதும்.

நம்மிடம் சொல் இல்லாமலா? பதிப்பாசிரியர்கள் நூலின் இறுதியில் சேர்க்கும் சொல்லடைவும் பொருளடைவும் இண்டெக்ஸ் அல்லாமல் வேறென்ன? அடைவு என்றால் ஒழுங்கு. போய்ச் சேர்வது என்ற பொருளும் அதில் இருக்கிறது. இரண்டுமே இங்கு வேண்டியவை. 'சுட்டி' என்பார்கள் சிலர்; அது ஏற்கெனவே மௌஸுக்கும் நினைவக முகவரிக்கும் போய்விட்டது. கோப்புகளை வைக்கும் இடத்தையும் அடைவு என்கிறோமே என்ற மறுப்பு நியாயமானது. அதைக் கோப்படைவு என்று முழுதாகச் சொன்னால் குழப்பம் தீரும்.

1975-இல் ஜான் பென்ட்லி அறிமுகப்படுத்திய கே-டி மரம், புள்ளிகளை ஒவ்வொரு பரிமாணமாகப் பிரித்துக்கொண்டு போகும் இன்னொரு வகை. அதையும் நான் அடைவு மரம் என்றே எழுதுகிறேன். மரம் கட்டும் வேலைக்கு அடைவாக்கம்.