மரத்துக்கு ஒரு கயிறு, ஜீப்புக்கு ஒரு கயிறு

என் பிழைப்பே கயிற்றில் தொங்குவதுதான். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலை இறக்கைகளில் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பது, ஒட்டுவது, பெயிண்ட் அடிப்பது. காற்று அடங்கும் மாதங்களில் அந்த வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் பாறை ஏற ஆசைப்படுகிறவர்களுக்குக் கற்றுக்கொடுப்பேன். காற்றாலையில், எங்கள் பேச்சில் காத்தாடியில், எனக்கு இரண்டு கயிறு, பாறையில் ஒன்று. இதைச் சொன்ன உடனே எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "பாறையிலயும் ரெண்டாப் போட்டுட்டா என்ன?"

போட்டால் என்ன ஆகும் என்பதைப் போன ஜனவரியில் நேரில் பார்த்தேன்.

தோவாளைப் பக்கம் ஒரு பாறை. 15 மீட்டர் இருக்கும். வெளியூரிலிருந்து ஒரு அலுவலகக் குழு வந்திருந்தது. அவர்களோடு பாதுகாப்புக்கென்றே ஒருவர். நான் போய்ச் சேருவதற்குள் ஆட்களை வைத்துக் கயிறெல்லாம் கட்டி முடித்துவிட்டார். ஏறப்போகிற பெண்ணுக்கு இரண்டு கயிறு. ஒவ்வொரு கயிற்றையும் கீழே நின்று பிடிக்க ஒரு ஆள். இதற்குத்தான் பிலே என்று பெயர். அவர்கள் கை நழுவினால் பிடிக்க, பின்னால் ஆளுக்கு ஒருவர். பிடிக்கிற கயிற்றில் கூடுதலாக, இழுபட்டால் இறுகிக்கொள்கிற ஒரு புருசிக் முடிச்சு. முன்னால் நிற்கிற இருவரும் ஒரு வேப்ப மரத்தோடு கட்டப்பட்டிருந்தார்கள். வேப்ப மரத்தின் மேல் அவருக்கு நம்பிக்கை இல்லை போலிருக்கிறது, அதை இன்னொரு மரத்தோடு கட்டியிருந்தார். அந்த மரம் ஜீப்போடு. ஜீப்புக்கு ஹேண்ட் பிரேக், கியர், அப்புறம் நான்கு டயருக்கும் அடியில் கல்.

பக்கத்துத் தோப்பிலிருந்து ஒரு பாட்டா வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் காலத்தில் பனை ஏறியவர். காலில் திளாப்பு என்கிற வளையம், இடுப்பில் அரிவாள் பெட்டி, அவ்வளவுதான் அவர் கண்ட உபகரணம். என்னைப் பார்த்து, "மக்கா, இந்தப் பிள்ளை மேல ஏறப் போகுதா, இல்ல கட்டிப் போட்டிருக்கியளா?" என்றார்.

பாட்டாவின் வழியை நான் பின்பற்றச் சொல்லவில்லை. பனையிலிருந்து விழுந்து இடுப்பொடிந்து கிடந்தவர்கள் எங்கள் ஊரிலும் இருந்தார்கள். ஆனால் அவர் கேட்ட கேள்வி சரி.

நான் முதலில் அந்தப் பெண்ணின் இடுப்பைத்தான் பார்த்தேன். இரண்டு கயிற்றில் ஒன்று ஒழுங்காக எட்டு வடிவ முடிச்சில் கட்டியிருந்தது. இன்னொன்று ஹார்னஸ் என்கிற இடுப்புப் பட்டையின் கால் வளையத்துக்குள் மட்டும் நுழைந்திருந்தது, இடுப்பு வளையத்தை விட்டுவிட்டார்கள். கட்டியவரிடம் காட்டினேன். "அதான் இன்னொண்ணு இருக்கே சார்" என்றார். அந்த இன்னொன்றைக் கட்டியவரும் இதையே சொல்லியிருப்பார் என்பது என் கணிப்பு. நான்கு பேர் கீழே நின்றார்கள். ஒருவர்கூட முடிச்சைத் தொட்டுப் பார்க்கவில்லை.

லின் ஹில்லைப் பாறை ஏறுகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். 1993-இல் அமெரிக்காவின் எல் கேப்பிட்டன் பாறையில், 'நோஸ்' என்கிற வழியை முதன்முதலில் கை கால் பலத்தில் மட்டுமே ஏறி முடித்தவர். அதற்கு நான்கு வருடம் முன்பு, 1989-இல், பிரான்ஸில் ஒரு சாதாரணப் பயிற்சி ஏற்றத்தில் 20 மீட்டருக்கு மேல் விழுந்தார். கயிறு அறவில்லை, கொக்கி உடையவில்லை. முடிச்சைப் பாதி போட்டவர் கவனம் வேறு பக்கம் போய்விட்டது, திரும்பி வந்து முடிக்கவில்லை. உச்சிக்குப் போய்ப் பின்னால் சாய்ந்ததும் கயிறு உருவிக்கொண்டு வந்துவிட்டது. மரக்கிளையில் பட்டு விழுந்ததால் பிழைத்தார். அவருக்கு இரண்டாவது கயிறு தேவைப்பட்டிருக்காது. "முடிச்சைக் காட்டு" என்று கேட்க ஒரு ஆள் போதும்.

கயிறு அறுந்துவிடும் என்ற பயம்தான் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் பயம். ஒற்றையாகப் பயன்படுத்துகிற ஏறும் கயிற்றை எப்படிச் சோதிக்கிறார்கள் தெரியுமா? 80 கிலோ எடையைக் கட்டி, பாறையில் அநேகமாக யாருக்கும் வாய்க்காத அளவுக்குக் கடுமையாக விழவிடுவார்கள். குறைந்தது 5 முறை தாங்கினால்தான் தேறும். மேலே கயிற்றை மாட்டி ஏறுகிற டாப் ரோப் முறையில் ஒருவர் வழுக்கினால் அவர் மேல் வருகிற விசை பெரும்பாலும் 2, 3 கிலோநியூட்டன். கயிறு மாட்டுகிற கொக்கியான நல்ல கேரபினர் ஒன்று நீளவாக்கில் தாங்குவது 20, கிட்டத்தட்ட இரண்டு டன் எடை. ஆனால் அதே கேரபினர் குறுக்கே திரும்பிக் கிடந்தால் 7 கிலோநியூட்டன்தான் கணக்கு. தோவாளைப் பாறையின் உச்சியில் அந்தப் பாதுகாப்பு அதிகாரி மாட்டியிருந்த ஒன்பது கேரபினர்களில் இரண்டு, நெருக்கடி தாங்காமல் அப்படித்தான் குறுக்கே திரும்பிக் கிடந்தன. கல்யாணப் பந்தியில் இடம் இல்லாமல் பக்கவாட்டில் உட்கார்ந்தவர்கள் மாதிரி.

சரி, அப்படியானால் காத்தாடியில் மட்டும் எதற்கு இரண்டு? அங்கே நான் கயிற்றிலேயே குடியிருக்கிறேன். மணிக்கணக்கில் என் முழு எடையும் அதில்தான். கையில் கிரைண்டர் சுற்றிக்கொண்டிருக்கும், இறக்கையின் விளிம்பில் கயிறு உரசும். வேலை செய்கிற கயிறு போனால் பிடிப்பதற்கு, தனியாக வேறு இடத்தில் கட்டிய இன்னொன்று வேண்டும். பாறையில் ஏறுகிறவர் தொங்குவது கையிலும் காலிலும். கயிறு சும்மா கூட வருகிறது, வழுக்கினால் மட்டும் அதற்கு வேலை.

இன்னொரு விஷயம், இது எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு. குலசேகரம் பக்கத்து நண்பர் ஒருவர் தன் இரண்டு கயிறுகளையும் ரப்பர் ஷீட் அடிக்கிற கொட்டகையில் சுருட்டி வைத்திருந்தார். ரப்பர் பாலை உறைய வைக்க அங்கே ஊற்றுவது ஃபார்மிக் ஆசிட். நம் கயிறு நைலான். செறிவான ஃபார்மிக் ஆசிட் நைலானைக் கரைத்தே விடும். சிந்திய இடம் வெளியே பார்த்தால் தெரியும் என்றும் சொல்ல முடியாது. அவரிடம் இருந்தது இரண்டு கயிறா? என் கணக்கில் ஒன்றுகூட இல்லை. இரண்டையும் கிணற்றடிக்குக் கொடுத்துவிடச் சொன்னேன். கயிறு மாட்டுவதற்காக ஒரே பாறைத் துண்டில் அடித்த இரண்டு போல்ட்டும் இதே கதைதான். கடற்காற்று படுகிற பாறை என்றால் இன்னும் மோசம், இரண்டும் சேர்ந்தே துருப்பிடிக்கும்.

தோவாளைக்குத் திரும்புவோம். முடிச்சைச் சரிசெய்துவிட்டு, பாதுகாப்பு அதிகாரியின் மனம் நோகக்கூடாதே என்று மற்றதையெல்லாம் அப்படியே விட்டு ஏறச் சொன்னேன். அது என் தப்பு. பாதி உயரத்தில் அந்தப் பெண் "டைட் பண்ணுங்க!" என்று கத்தினாள். கீழே இருந்த இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒருவர் இழுக்க முயன்றார், புருசிக் இறுகி மாட்டிக்கொண்டது. பின்னால் நின்றவர் அதை அவிழ்க்க முன்னால் வர, மற்றவரின் கயிற்றில் கால் சிக்கியது. மேலே அவள் கால் நடுங்கிக்கொண்டிருந்தது. தையல் மெஷின் ஊசி மாதிரி ஆடும், ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். "விடு, விடு" என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். முடிச்சை விடச் சொன்னாரா, கயிற்றை விடச் சொன்னாரா என்பது அவருக்கே வெளிச்சம். அந்த வார்த்தையை என் பயிற்சியில் தடை செய்திருக்கிறேன். தளர்த்த வேண்டுமானால் 'லூஸ்', இழுக்க வேண்டுமானால் 'டைட்', கூடவே ஏறுகிறவரின் பெயர். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் பாதிச் சொல்தான் காதுக்கு வந்து சேரும்.

இந்தக் கூத்துக்கு நடுவில்தான் ஜீப் ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டது.

ஓடினேன். டிரைவர் சாவகாசமாக உட்கார்ந்திருந்தார். டயருக்கு அடியில் இருந்த கற்களை எடுத்து ஓரமாக வைத்தாயிற்று. "வெயில் ஏறுது சாரே, வண்டிய நெழலுக்கு மாத்தலாம்னு பாத்தேன்." கயிறு கட்டியிருப்பது தெரியாதா என்று கேட்டேன். "அது டெண்ட்டுக்குக் கட்டினதுன்னு நெனச்சேன்" என்றார். வண்டி பத்தடி நகர்ந்திருந்தால் மரம் அசைந்திருக்காது. நடுவில் இருந்த கயிறும், அதில் கால் மாட்டிக்கொண்டு நின்றவரும்தான் போயிருப்பார்கள். எஞ்சினை அணைத்து, சாவியை உருவி என் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

அவளை இறக்கிவிட்டுக் கடையைக் கலைத்தோம். உச்சியில் தனித்தனிப் பிடிமானத்தில் இரண்டு போல்ட், எதிரெதிர் திசையில் வாய் வைத்த இரண்டு பூட்டுக் கேரபினர், ஒரு கயிறு, கீழே ஒருவர். அவர் அன்றுதான் பிலே பிடிக்கக் கற்றவர் என்பதால், கயிற்றின் வாலைப் பிடிக்கப் பின்னால் இன்னொருவர். அந்த ஒரு கூடுதல் ஆளை நானே நிறுத்துவேன், கேலி செய்ய மாட்டேன். கிரிகிரி மாதிரி தானாகப் பூட்டுகிற கருவி கையில் இருந்தாலும், கயிற்றின் வாலைப் பிடித்திருக்கிற பிரேக் கையை எடுக்கக்கூடாது என்று மட்டும் மூன்று முறை சொன்னேன். கயிற்றின் நுனியில் ஒரு முடிச்சு. ஏறும் முன் இருவரும் ஒருவர் முடிச்சை மற்றவர் தொட்டுப் பார்ப்பது, பக்கிள், கேரபினர் பூட்டு, கருவியில் கயிறு போன திசை. அரை நிமிடம் ஆகாது. மதியத்துக்குள் பதினோரு பேர் ஏறி இறங்கினார்கள். பாட்டா சலித்துப்போய் வீட்டுக்குப் போய்விட்டார்.

மதியம் சாப்பாட்டு நேரத்துக்கு நான் பைக்கில் வடசேரி வந்து, சட்டையைக் கழற்றும்போது போன் வந்தது. பாதுகாப்பு அதிகாரிதான். "சார், ஜீப் சாவி உங்ககிட்டயா இருக்கு?"

பாக்கெட்டைத் தொட்டேன், இருந்தது. "மன்னிச்சுக்கோங்க சார், ஸ்பேர் சாவி வச்சு எடுத்துட்டு வந்துடுங்களேன்" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"ஒண்ணுதான் சார் இருக்கு."