பஸ்ஸில் எதிர் சீட்டுக்காரரை வரைந்தால்

கடலூர்–புதுச்சேரி பஸ்ஸில் உட்கார இடம் கிடைப்பதே பெரிய விஷயம். கிடைத்து, கையில் ஒரு நோட்டும் இருந்தால், எதிர் வரிசையில் இருப்பவரை வரைந்து பாருங்கள். அநேகமாகக் கண்களை நெற்றிக்குத் தூக்கிவிடுவீர்கள். உச்சந்தலைக்கும் மோவாய்க்கும் ஏறக்குறையச் சரிபாதியில் இருப்பவை அவை. ஆனால் நெற்றியையும் முடியையும் யார் கவனித்துப் பார்க்கிறார்கள்?

சோவியத் ஆய்வாளர் ஆல்ஃபிரெட் யார்பஸ், கண்ணின்மேல் சிறு கருவியைப் பொருத்தி, பார்வை போகும் தடத்தை 1960களிலேயே பதிவு செய்தார். முகத்தைக் காட்டினால் பார்வை கண்களுக்கும் வாய்க்குமே திரும்பத் திரும்பப் போகிறது. விழித்திரையின் நடுவில் உள்ள ஒரு சிறு குழி மட்டும்தான் துல்லியமாகப் பார்க்கும். கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் நகம் மறைக்குமே, சுமார் அவ்வளவு இடம். அதனால் கண் நொடிக்கு மூன்று தடவை போலத் தாவிக்கொண்டே இருக்கிறது. மிச்சத்தை மூளை அனுமானத்தில் ஒப்பேற்றுகிறது.

வரையும்போது இன்னொரு சிக்கல். முகத்திலிருந்து காகிதத்துக்குப் பார்வை இறங்குவதற்குள் நினைவில் நிற்பது மூன்று நான்கு விஷயங்கள்தான். பிரிட்டிஷ் ஓவியர் ஹம்ஃப்ரி ஓஷனின் கண்ணசைவை ஆராய்ந்தபோது, அவர் முகத்தை மொத்தமாக அள்ளாமல் ஒவ்வொரு விவரமாக எடுத்துக்கொண்டது தெரிந்தது. காதுமடல் தாடையைத் தொடும் இடம். ஒரு பார்வை, ஒரு கோடு. அப்புறம் அடுத்தது.

சரி, பஸ் குலுங்குகிறதே? ரெட்டிச்சாவடி பக்கம் வேகத்தடையில் தூக்கிப்போட்டாலும் எதிரே உள்ள முகம் கலங்குவதில்லை. உட்செவி தலையின் அசைவை உணர்ந்ததும், நொடியில் நூறில் ஒரு பங்குக்குள் கண்களை எதிர்த்திசையில் திருப்பிவிடுகிறது. கைக்கு அந்த வசதி இல்லை. மூக்கைக் கன்னத்தில் கொண்டுபோய் வைப்பது அதுதான். தவளக்குப்பத்தில் ஆள் ஏறி இறங்கும் நேரத்தில் மூக்கை முடித்துவிடுவது நல்லது.

வரைகிறோம் என்பதை அவர் சட்டென்று கண்டுபிடித்துவிடுவார். மனிதக் கண்ணில் வெள்ளைப் பகுதி நிறையவே வெளியே தெரிவதால், கருவிழி எந்தப் பக்கம் திரும்பினாலும் எதிரில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும். முன் சீட்டுக்காரரின் பிடரியை வரைந்தால்கூட அவர் திரும்பிப் பார்க்கிறாரே என்பீர்கள். 1898இல் உளவியலாளர் எட்வர்ட் டிச்னர் இதைச் சோதித்தார். பின்னாலிருந்து பார்ப்பதை உணரும் சக்தி எதுவும் அகப்படவில்லை. ஆட்கள் எப்போதும்போல எதற்காகவோ திரும்புகிறார்கள். பின்னால் இருப்பவரின் பார்வை அந்த அசைவுக்கு ஓடுகிறது. இருவர் கண்ணும் சந்தித்தால், முதுகில் கண் இருப்பதாக முடிவுகட்டிவிடுகிறோம்.

கைக்கு வேலை இருந்தாலும் மனம் சும்மா இருக்காது. எதிர் சீட்டுக்காரரின் மடியில் பண்ருட்டிப் பலாப்பழம், சட்டைப்பையில் மடித்த மருந்துச் சீட்டு. மகள் வீட்டுக்கா, ஆஸ்பத்திரிக்கா? இதுவாவது பொருளை வைத்துச் செய்யும் ஊகம். முகத்தை வைத்து 'நல்ல மனுஷன்' என்று சொல்வதற்கு அதுகூடத் தேவைப்படுவதில்லை. ஜனின் வில்லிஸும் அலெக்சாண்டர் டோடரோவும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு முகத்தை நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் காட்டியதுமே, நம்பத்தக்கவரா இல்லையா என்று பார்த்தவர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். கூடுதல் நேரம் கொடுத்தபோது தீர்ப்பு பெரிதாக மாறவில்லை. தீர்ப்பின்மேல் அவர்களுக்கு இருந்த நம்பிக்கைதான் ஏறியது. கடலூர் ஓரத்து ஆல்பேட்டையிலிருந்து பார்த்துக்கொண்டு வருகிறேன், ஆள் அப்படிப்பட்டவர் இல்லை என்று யாராவது அடித்துச் சொன்னால், அதில் ஆல்பேட்டைக்கு ஒரு மதிப்பும் இல்லை.